பலத்த மழைக்கு ஆங்கிலம் என்ன?

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி. சென்ற கார்த்திகையில் வரவிருந்த விருந்தினர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் 'ஸ்ட்ராங் ரெயின்' பெய்கிறது, இரவில் 'வெரி ஃப்ரீசிங்' ஆக இருக்கிறது, வந்ததும் 'ஸ்ட்ராங் டீ' தருகிறோம் என்று எழுதியிருந்தேன். அவர் வந்தபோது, முதல் இரண்டும் புரிகின்றன, ஆனால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை என்று அன்பாகவே சொன்னார். ஏன் என்று கேட்டால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவருக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை. பெயரடை, பெயர்ச்சொல், வினையடை எல்லாவற்றையும் இலக்கணப்படிதானே சேர்த்தேன்? மழைக்கு ஆகாத 'ஸ்ட்ராங்' டீக்கு மட்டும் எப்படி ஆகிறது?

வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இலக்கணத்தில் பிழை எதுவும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடை, பெயரடைக்கு முன்னால் அதை மிகுவிக்கும் வினையடை என்று சரியாகவே அடுக்கியிருக்கிறீர்கள். இலக்கணம் இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் எந்தச் சொல் அமரும் என்பதை அந்த மொழியைப் பேசும் மக்களின் பழக்கம்தான் முடிவுசெய்கிறது.

'ஸ்ட்ராங் ரெயின்' எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 'பலத்த மழை' என்று வானொலியில் கேட்டும் செய்தித்தாளில் படித்தும் வளர்ந்தவர் நீங்கள். பலத்த என்பதற்கு 'ஸ்ட்ராங்' என்று அகராதி சொல்கிறது; எடுத்து வைத்துவிட்டீர்கள். ஆனால் தமிழில் இந்தப் 'பலத்த' எத்தனை வீடுகளுக்குப் போய்வருகிறது என்று பாருங்கள். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கைதட்டல் என்று ஐந்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', காயத்துக்கு 'சீரியஸ்', பாதுகாப்புக்கு 'டைட்', கைதட்டலுக்கு 'லவுட்' என்று ஐந்து சொற்கள் வேண்டியிருக்கின்றன. எதிர்த்திசையிலும் இதே கதைதான். அவர்களுடைய 'ஹெவி' மழையோடு நிற்பதில்லை. 'ஹெவி லாஸ்' என்றால் நமக்குப் பெரும் நஷ்டம். 'ஹெவி ஸ்மோக்கர்' என்பவர் பருமனானவர் அல்லர், ஓயாமல் புகைப்பவர்.

ஒரு சொல்லை அது எந்தச் சொற்களோடு சேர்ந்து பழகுகிறது என்பதை வைத்தே அறியலாம் என்னும் கருத்தை 1957-இல் அழுத்தமாக முன்வைத்தவர் ஜே. ஆர். ஃபிர்த் என்னும் ஆங்கில மொழியியலாளர். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய மாணவரான ஹாலிடே பின்னாளில் எடுத்துக்காட்டாகக் கையாண்டது உங்கள் தேநீரைத்தான். 'ஸ்ட்ராங் டீ' உண்டு, 'பவர்ஃபுல் டீ' இல்லை. 'பவர்ஃபுல் கார்' உண்டு, 'ஸ்ட்ராங் கார்' என்பது வழக்கில் இல்லை. ஆனால் வாதம் என்று வந்தால் இரண்டு சொற்களுமே பொருந்தும். இவற்றுக்கு முன்பே, 1933-இல், ஹெரால்ட் பாமர் என்பவர் இத்தகைய ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் திரட்டி வெளியிட்டார். அவர் அதைச் செய்தது தோக்கியோவில், ஜப்பானிய மாணவர்களுக்காக. பிறந்ததுமுதல் அந்த மொழியிலேயே வாழ்கிறவருக்கு இந்தச் சேர்க்கைகள் கண்ணில் படுவதே இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் அவை தடுக்குகின்றன. உங்கள் விருந்தினரால் காரணம் சொல்ல முடியாமல் போனதில் வியப்பில்லை.

நம்மிடமும் இது உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி என்னும் மூன்றைத் தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறாக்குகிறது. பொருள் ஒன்றுதான். ஆனாலும் உறுபசி என்று குறளில் படிக்கிறோம், கழிபேருவகை என்கிறோம், சாலச் சிறந்தது என்று இன்றும் மேடையில் பேசுகிறோம். 'சாலப்பசி' என்று யாராவது சொன்னால் இலக்கணம் தடுக்காவிட்டாலும் நம் காது தடுக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்கிறோம். அடைவெயில் என்றோ கனவெயில் என்றோ சொல்வோமா? வெயில் கொளுத்தத்தான் வேண்டும், இருட்டென்றால் கும்மிருட்டு. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

'ஸ்ட்ராங் டீ' உங்களுக்குச் சரியாக வந்ததும் இப்படித்தான். பேருந்து நிலையத்துக் கடையில் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ரெண்டு' என்று சொல்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். அந்த இணை முழுதாக உள்ளே போய்விட்டது. அங்கே நீங்கள் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

தேயிலைத் தொழிலிலேயே இன்னொன்றைக் காட்டுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு குன்னூரில் தேயிலை சுவைப்பவர் ஒருவர் வேலை செய்வதை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அவர் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று ஓசையெழ உறிஞ்சுவார், வாய்க்குள் ஒரு கணம் சுழற்றுவார், துப்பிவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார், உதவியாளர் குறித்துக்கொள்வார். 'பிரிஸ்க்' என்றார், அடுத்ததற்கு 'தின்' என்றார், அதற்கடுத்ததற்கு 'ஃபிளாட்' என்றார். விறுவிறுப்பான நடையை 'பிரிஸ்க் வாக்' என்றும் சுறுசுறுப்பாக நடக்கும் வியாபாரத்தை 'பிரிஸ்க் பிசினஸ்' என்றும் நான் அறிந்திருந்தேன். தேநீரில் அந்தச் சொல்லுக்கு நாக்கைச் சுண்டும் உயிர்ப்பான துவர்ப்பு என்று பொருள் என்பதையும், அது இல்லாமல் சப்பென்று இருப்பதே 'ஃபிளாட்' என்பதையும் அன்றுதான் கற்றேன். அகராதியை எத்தனை முறை புரட்டியிருந்தாலும் அந்த ஒரு மிடறு கற்பித்த அளவுக்குக் கற்றிருக்க மாட்டேன்.

அடுத்து 'வெரி ஃப்ரீசிங்'. 'கோல்டு' என்பது கூடவும் குறையவும் கூடிய சொல் ஆதலால் 'வெரி கோல்டு' சரி. 'ஃப்ரீசிங்' என்னும் சொல்லுக்குள்ளேயே மிகுதி அடங்கிவிட்டது. அதன்மேல் 'வெரி' பொதுவாக நிற்காது, 'ஆப்சல்யூட்லி' நிற்கும். உணவைப் பற்றி எழுதும்போது 'டெலிஷியஸ்' என்பதற்கும் இதே கணக்கு. குளிருக்கென்றே 'பிட்டர்லி' என்று ஒரு துணையும் உண்டு. கசப்பாக என்பது அதன் நேர்ப்பொருள். நம் காதுக்குக் குளிர் எப்படிக் கசக்கும் என்று தோன்றும். ஆனால் 'பிட்டர்லி கோல்டு' அவர்களுக்கு நம் கடுங்குளிரைப் போல இயல்பானது.

வினையடையில் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'ஹெவி ரெயின்' என்பது 'ரெயினிங் ஹெவிலி' என்று ஒழுங்காகத் திரும்பும். 'ரெயினிங் ஹார்ட்' என்றும் சொல்லலாம். ஆனால் வினையடை என்றால் 'லி' சேர்க்க வேண்டும் என்று எண்ணி 'ஹார்ட்லி ரெயினிங்' என்று எழுதினால், மழை பெய்கிறது என்றே சொல்ல முடியாது என்று பொருள் மாறிவிடும். அதை நம்பி ஒருவர் குடையில்லாமல் மலையேறி வந்துவிடுவார்.

எப்படிக் கற்பது? பெயரடைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் மேசையில் நாள்தோறும் புழங்கும் பெயர்ச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல்லை எழுதி, விருந்தினர்களின் கடிதங்களில் அதற்கு முன்னால் வரும் சொற்களை அப்படியே குறித்து வையுங்கள். 'நோட்டீஸ்' என்ற பக்கத்தில் 'ஷார்ட்' ஏறும், 'ஸ்மால்' ஏறாது. 'வெல்கம்' பக்கத்தில் 'வார்ம்' ஏறும். அங்கே 'ஹாட்' வராது. 'அபாலஜி' பக்கத்தில் 'சின்சியர்' வரும். அறை காலியில்லை என்று எழுதும்போது 'புக்டு' என்பதோடு 'ஃபுல்லி' வருவதைப் பார்ப்பீர்கள். தனிச்சொல்லாக எழுதாமல் இணையாகவே எழுதுங்கள், இணையாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மின்னஞ்சலில் நான் மாற்றுவது இவ்வளவுதான்: 'ஸ்ட்ராங் ரெயின்' இருந்த இடத்தில் 'ஹெவி ரெயின்', 'வெரி ஃப்ரீசிங்' இருந்த இடத்தில் 'பிட்டர்லி கோல்டு'. 'ஸ்ட்ராங் டீ' அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.