டவுன் பஸ்ஸுக்குக் கொட்டுற கோடியில நமக்கு எத்தனை ட்ரிப் வந்துச்சு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "அரசு பஸ் நஷ்டத்துல ஓடுதுன்னு சொல்றது பாதிக் கதை தான்"னு போற போக்குல ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான், வேலூர் சைடுல இருந்து மட்டும் கேள்வி குவிஞ்சுடுச்சு. அதனால இந்த வாரம் சினிமாவும் இல்ல, ஜோசியமும் இல்ல, முழுக்க பஸ் தான்.

வாசகி, குடியாத்தம்: பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். டவுன் பஸ்ல ஏறினாலே "உங்களுக்கெல்லாம் ஓசி குடுத்துத் தான் பஸ் கார்ப்பரேஷனே திவாலாவுது"ன்னு காதுல விழற மாதிரி பேசறாங்க. நெஜமாவே எங்களால தான் நஷ்டமா?

இல்லக்கா. நீங்க டிக்கெட்டுக்குக் காசு குடுக்கல, வாஸ்தவம், ஆனா உங்களுக்குப் பதிலா கவர்மெண்ட் குடுக்குது. டவுன் பஸ்ல பெண்களுக்கு ஃப்ரீன்னு 2021 மே மாசம் புது ஆட்சி வந்த அன்னிக்கே கையெழுத்துப் போட்ட திட்டம் இது, விடியல் பயணம்னு பேரு பின்னாடி வந்துச்சு. இதுக்கு 2023-24 பட்ஜெட்ல 2,800 கோடி, அடுத்த வருஷம் 3,050 கோடி, 2025-26ல 3,600 கோடி ஒதுக்கினாங்க. அதே 2025-26 பட்ஜெட்ல ஸ்டூடண்ட்ஸ் பஸ் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி தனி. மூணையும் கூட்டினா 7,200 கோடிக்கு மேல போகுது. கல்யாணத்துல இலை போட்டு சாப்பிடறவங்களாலயா சமையல்காரருக்கு நஷ்டம், பொண்ணு வீட்டுக்காரர் பணம் குடுக்கறாரு இல்ல? அடுத்த தடவை யாராவது பேசினா இதைச் சொல்லுங்க.

மாநிலத் திட்டக் குழு ஆய்வு பண்ணினப்போ ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு. ஷூ கம்பெனி சம்பளத்துல அது எவ்ளோ பெரிய காசுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

ஆனா எனக்கு இருக்கற சந்தேகம் வேற இடத்துல. 3,600 கோடின்னு பட்ஜெட்ல மேஜை தட்டிப் படிக்கிறாங்க, அந்தக் காசுக்கு ஜனங்களுக்கு எத்தனை ட்ரிப் கிடைச்சுதுன்னு எங்கயும் படிக்கிறதில்ல. சலுகை சாதாக் கட்டண டவுன் பஸ்ல தான். காலைல வர வேண்டிய அந்த பஸ் வரலன்னு வைங்க, ஷிஃப்ட்டுக்கு லேட்டாகுதுன்னு நீங்க ஷேர் ஆட்டோவுக்கோ பிரைவேட் பஸ்ஸுக்கோ காசு குடுத்துத் தான் போவீங்க, அன்னிக்கு அந்த ஃப்ரீ வெறும் பேப்பர்ல தான் இருக்கு. ஒரு வண்டி இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடணும், எத்தனை ஓடுச்சு, ஏன் குறைஞ்சுதுன்னு டிப்போவுல தினம் எழுதறாங்க. அந்தக் கணக்கை ஊர் வாரியா, ரூட் வாரியா வெளிய போட்டா போதும், பாதி சண்டை அடங்கிடும். போட மாட்டேங்கறாங்களே!

இன்னொண்ணு. கண்டக்டர் குடுக்கற ஃப்ரீ டிக்கெட்டை "எனக்கெதுக்கு அது"ன்னு விட்டுடாதீங்க. எத்தனை பேர் ஏறினாங்கங்கறதுக்கு அது தான் ரெக்கார்டு. ஏறினவங்களுக்கு மேல டிக்கெட் கிழிஞ்சாலும் தப்பு, ஏறினவங்களுக்குக் கிழிக்காம விட்டாலும் தப்பு, நாளைக்கு "அந்த ரூட்ல கூட்டமே இல்லையே"ன்னு பஸ்ஸை எடுத்துட்டா யாருக்கு நஷ்டம்?

வாசகர், ஆற்காடு: டிக்கெட் ரேட்டை ஏத்திட்டா எல்லாம் சரியாயிடுமே?

2018 ஜனவரியில ஏத்தினாங்க, காலேஜ் பசங்கல்லாம் ரோட்டுக்கு வந்தாங்க, பத்து நாளுக்குள்ள கொஞ்சம் இறக்கினாங்க. அப்புறம் வருஷக்கணக்கா யாரும் அதுல கை வைக்கல. அப்போ 70 ரூபாய்க்குள்ள இருந்த டீசல் அப்புறம் 90ஐத் தாண்டிடுச்சு, அதனால ரேட்டு ஏத்தவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஆற்காடு ரோட்டுல அரசு பஸ் நேரத்துக்கு வரலன்னா ஜனங்க கிடைச்ச வண்டியில ஏறிப் போயிட்டே இருப்பாங்க, ரேட்டு ஏறும், கலெக்‌ஷன் ஏறாது.

வாசகர், சத்துவாச்சாரி: வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு 50 கோடிக்கு மேல செலவு பண்ணாங்களே, அதை பஸ்ஸே வாங்கியிருக்கலாம்ல?

நல்ல கேள்வி, ஆனா அந்தக் காசுல பஸ் வாங்க முடியாது, ஏன்னா அது வேற பை. வேலூர் 2016ல ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல வந்துச்சு. அந்தத் திட்டத்துல ஒரு ஊருக்கு சென்ட்ரல் 500 கோடி வரைக்கும் குடுக்கும், அதே அளவு மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து போடணும். அதுல சுமார் 53 கோடியில கட்டினது தான் கிரீன் சர்க்கிள் பக்கத்துல இருக்கற ஸ்டாண்டு, 2022 ஜூன்ல முதலமைச்சர் வந்து திறந்து வெச்சாரு. ஸ்டாண்டு மாநகராட்சியோடது, கடை வாடகை அங்க போகும். உள்ள வந்து நிக்கற பஸ் போக்குவரத்துக் கழகத்தோடது. வண்டிக்கு பர்மிட் குடுக்கறது இன்னொரு ஆபீஸ். இப்போ பஸ் ஸ்டாண்டு சூப்பர், பஸ் மட்டும் இல்லன்னு நீங்க போய்க் கேட்டா, மாநகராட்சிக்காரர் "கட்டடம் எங்களுது, பஸ்ஸுக்கு அவங்களைக் கேளு"ம்பாரு, அவங்க "எங்களுக்கு மேலருந்து வண்டி வரல"ம்பாங்க, ரெண்டு பேரும் சொல்றது உண்மையாவும் இருக்கும்! இங்க தான் பொறுப்பு காணாம போகுது, யாரும் திருடாமலே.

என் கணக்கு என்னன்னா, கட்டடம்னா ஒரு தடவை செலவு, ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டுல பேர் வரும். டிரைவர் கண்டக்டர் சம்பளமும் டயரும் ஸ்பேர் பார்ட்ஸும் மாசா மாசம் செலவு, அதுக்கு எவனும் கல்வெட்டு வைக்க மாட்டான். அதனால தான் எந்த ஆட்சி வந்தாலும் முதல்ல கட்டடம் வருது. பஸ் ஸ்டாண்டு கட்றதுக்கு முன்னாடி "இது திறந்தப்புறம் இந்த ஊருக்கு தினம் எத்தனை ட்ரிப் கூடும்"னு எழுதி வாங்கணும். கவுன்சிலர் மீட்டிங்ல கேக்கலாம், மாநகராட்சிக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரங்க பாக்கறாங்க, அந்த ரிப்போர்ட்டையும் கேக்கலாம்.

காட்பாடி ஸ்டேஷனும் இதே கதை தானேன்னு இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. அதைப் புதுசாக் கட்றதுக்கு அடிக்கல் நாட்டினது 2022 மே மாசம், பிரதமர். அது ரயில்வே, டெல்லிக் கணக்கு, அதுக்கு எம்.பி.யைத் தான் பிடிக்கணும்.

வாசகர், அப்துல்லாபுரம்: எங்க ஊர் ஏர்போர்ட் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஒரு வார்த்தை இல்ல, நாலு நம்பர் சொல்றேன். சின்ன ஊர்களுக்கும் பிளேன் விடற சென்ட்ரலோட உடான் திட்டத்தை, அரசுக் கணக்கைப் பாக்கற சிஏஜி தணிக்கை பண்ணி 2023ல ரிப்போர்ட் குடுத்தாங்க. முதல் மூணு சுத்துல குடுத்த 774 ரூட்டுல 403 ஆரம்பிக்கவே இல்ல. ஆரம்பிச்ச 371ல மூணு வருஷச் சலுகைக் காலத்தை முழுசா ஓட்டினது 112. சலுகை முடிஞ்சும் 2023 மார்ச்ல ஓடிக்கிட்டு இருந்தது வெறும் 54. இதைப் படிச்சிட்டு உங்க ரன்வேயைப் பாருங்க. பிளேன் வேணாம்னு சொல்லல, ஆனா அப்துல்லாபுரத்துல இருந்து டவுனுக்கு வர ராத்திரி பஸ் இருக்கான்னு தான் நான் முதல்ல கேப்பேன்.

ரிட்டையர்டு கண்டக்டர், வேலூர்: இன்னா சார், சிஏஜி ரிப்போர்ட்டு வருஷா வருஷம் வந்துன்னு தான் கீது, எவன் படிக்கிறான்? பட்டுக்கோட்டை அழகிரி பஸ் கார்ப்பரேஷன்ல சேந்தவன் நான், அப்போ ஹெட் ஆபீஸே இங்க தான் இருந்துச்சு, எதுனா கேக்கணும்னா நேரா போயி நிப்போம்.

அண்ணா, நீங்க சொன்னதுல தான் பாதி விஷயம் இருக்கு. 1997ல தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்து அரசுப் போக்குவரத்துக் கழகம்னு மாத்தினாங்க, அப்புறம் வேலூர் விழுப்புரம் கழகத்துக்குள்ள ஒரு மண்டலமாயிடுச்சு. ஆபீஸ் தூரமானா கேள்வியும் தூரமாயிடும். 2019ல ஜில்லாவையே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணாப் பிரிச்சாங்க, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல வந்துச்சு, பஸ்ஸுக்கு மட்டும் இன்னும் விழுப்புரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம்.

சிஏஜி விஷயத்துக்கு வர்றேன். போக்குவரத்துக் கழகங்கள் சட்டப்படி கம்பெனி, அதனால ஆடிட்டரை நியமிக்கறதே சிஏஜி தான், மேல்தணிக்கையும் அவங்க பண்ணலாம். ரிப்போர்ட் சட்டசபைக்கு வரணும், அங்க எம்.எல்.ஏ.க்கள் இருக்கற பொது நிறுவனங்கள் குழு அதிகாரிங்களைக் கூப்பிட்டு விசாரிக்கணும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு தான். வேகம் தான் இல்ல, ரிப்போர்ட்ல தப்புன்னு எழுதின பஸ் விசாரணைக்கு வர்றதுக்குள்ள கண்டமாகி ஏலத்துக்கே போயிருக்கும். நீங்க எதுக்கு சும்மா இருக்கீங்க, ரிட்டையர்டு ஆளுங்க நாலு பேர் சேர்ந்து உங்க எம்.எல்.ஏ.கிட்ட "குழுவுல நம்ம மண்டலம் பத்தி என்ன கேட்டீங்க"ன்னு கேளுங்க. டிரிப் ஷீட் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மாணவி, அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமம்: எங்க ஊருக்குக் காலைல ஒரே பஸ். பல நாள் ட்ரிப் கட். காலேஜ்ல முதல் ஹவர் போயிடுது. கம்ப்ளைண்ட் பண்ணா "பாக்கறோம்"னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?

கம்ப்ளைண்ட் பண்ணாதம்மா, கணக்கு கேளு. தகவல் உரிமைச் சட்டம் 2005, வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். போக்குவரத்துக் கழகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது. "ஏன் பஸ் வரல"ன்னு கேட்டா நாலு வரி சமாதானம் வரும், அது வேணாம். ரெக்கார்டைக் கேளு: இந்த ரூட் நம்பர், இந்த ட்ரிப், போன மூணு மாசத்துல எந்தெந்தத் தேதி ஓடுச்சு, எந்தத் தேதி ஓடல, ஓடாததுக்கு டிப்போ ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கற காரணம் என்ன, அன்னிக்கு அந்த வண்டி வேற எங்கயாவது ஸ்பெஷலுக்குப் போச்சா, இந்த ரூட்டுக்கு அனுமதிச்ச டைமிங் நகல். இவ்ளோ தான், இதுக்கு மேல நீட்டாத.

30 நாளுக்குள்ள பதில் வரணும். வரலன்னா, இல்ல அரைகுறையா வந்தா, 30 நாளுக்குள்ள மேல்முறையீடு, அதுக்கும் சரியா வரலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். உன் பேர்ல போட பயமா இருந்தா அப்பா பேர்லயோ ஊர்ப் பெரியவர் பேர்லயோ போடலாம். கையில தேதி வாரியா லிஸ்ட் வந்ததும் அதை அடுத்த கிராம சபைல வெச்சு தீர்மானம் போடச் சொல்லு, ஒரு காப்பி கலெக்டருக்கு, ஏன்னா பஸ் டைமிங் பர்மிட்டோட நிபந்தனை, ஜில்லாவுல வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் அவர்கிட்ட தான் இருக்கு. மனுவை நேர்ல குடுக்காத, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு, ரசீதை பத்திரமா வெச்சுக்கோ, பதில் வந்தா எனக்கும் ஒரு ஜெராக்ஸ் போடு.