ஈறில் இரத்தம் கசிந்தால் இதயத்துக்கும் ஆபத்தா?

தொடர்பு உண்டு. ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை.

பல் துலக்கித் துப்பும்போது எனக்கும் பல வருடங்கள் நுரை சிவந்துதான் வந்தது. பிரஷ்ஷை மாற்றினேனே தவிர மருத்துவரிடம் போகவில்லை. கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கிய பிறகு போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, "நாலு, ஆறு, ஆறு, ஏழு" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டர் கணக்கில்; மூன்றுக்குள் இருக்க வேண்டுமாம். "கையில் இப்படிப் புண் இருந்தால் சும்மா இருப்பீர்களா?" என்றார்.

காற்றுப் புகாத அந்தப் பள்ளத்தில் வாழ்வதுதான் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா. மெல்லும்போதும் துலக்கும்போதும் புண் வழியே இரத்தத்தில் இறங்குகிறது. இதயத் தமனிகளை அடைக்கும் கொழுப்புப் படிவுகளிலும் இதன் மரபணுத் தடயம் கிடைத்திருக்கிறது. படிவுக்கு அதுதான் காரணமா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்பதுதான் சிக்கல். எனக்கு வலுவாகப் படுவது வேறொரு வழி: ஆறாத ஈறுப்புண் உடல் முழுவதும் அழற்சியைத் தூண்டுகிறது, கல்லீரல் அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது, இரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 120 பேரைச் சோதித்தார்கள். தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் குழாய்கள் விரியும் திறன் குறைந்தது; ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மாரடைப்பே குறையும் என்று அது காட்டவில்லை. புகையும் சர்க்கரை நோயும் ஈறையும் இதயத்தையும் ஒருசேரக் கெடுப்பவை என்பதால் முடிச்சை அவிழ்ப்பது கடினம். அமெரிக்க இதயச் சங்கமும் 2012இல் "தொடர்பு உண்டு, காரணம் என்பதற்குச் சான்றில்லை" என்ற நிலையைத்தான் எடுத்தது. (புகைப்பவர்களுக்கு ஈறு குறைவாகவே கசியும். இரத்தம் வரவில்லையே என்று அவர்கள் நிம்மதியடைய வேண்டாம்.)

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் கதை வேறு. வாய்க் கிருமிகள் வால்விலேயே குடியேறி உயிருக்கு உலை வைக்கக்கூடும். பல் பிடுங்கப் போகும்போது அதை முதலில் சொல்லுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், பல் சிகிச்சைக்காக ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்தாதீர்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயந்துதான் நான் தள்ளிப்போட்டேன். செய்து முடித்ததும் நாக்கால் தடவினால் பல்லிடுக்கில் இடைவெளி. பல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்று பதறினேன். மருத்துவர் கிண்ணத்தைக் காட்டினார்: அங்கே அடைத்துக்கொண்டிருந்தது பல் இல்லை, பழுப்பு நிறக் காரை.