எங்கே விழுந்து வணங்குவது?

கேள்வி: கோயிலுக்குள் சந்நிதிக்குச் சந்நிதி விழக்கூடாது, கொடிமரத்தடியில்தான் விழ வேண்டும் என்று கண்டிக்கிறார்கள். மனத்தில் பக்தி இருந்தால் போதாதா? எங்கே, எப்படி விழுந்தால் என்ன? (வாசகி, திருவாரூர்)

பதில்: மனத்தில் பக்தி இருப்பவர்தான் எங்கே, எப்படி என்று கேட்டுச் செய்வார். சிவாலயத்தின் உள்பிராகாரத்தில் எந்தப் பக்கம் கால் நீட்டினாலும் அங்கே பிள்ளையாரோ, தட்சிணாமூர்த்தியோ, சண்டிகேசுவரரோ இருப்பார். ஒருவரை வணங்க இன்னொருவருக்குக் கால் நீட்டுவது என்ன வணக்கம்? பலிபீடத்துக்கும் கொடிமரத்துக்கும் வெளிப்புறமாக விழுந்தால் இந்தச் சிக்கல் இல்லை. உள்ளே, சந்நிதிகளில் கைகூப்பி நின்றாலே போதும்.

பலரும் தவறுவது திசையில். சுவாமியை நோக்கித் தலையை வைத்து நேரே நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) எடுத்துச் சொன்ன சைவ முறை வேறு. சந்நிதி கிழக்கு அல்லது மேற்கு பார்த்திருந்தால் தலை வடக்கே; வடக்கு அல்லது தெற்கு பார்த்திருந்தால் தலை கிழக்கே. அதாவது, எந்தக் கோயிலிலும் உடல் சந்நிதிக்குக் குறுக்காகவே கிடக்கும். கால் தெற்கேயோ மேற்கேயோதான் நீளும்.

ஆண்களுக்கு அட்டாங்கம்: தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், தோள் இரண்டு என எட்டும் நிலத்தில் பட வேண்டும். மார்பு தரையில் படியக் கிடந்து, வலக்கையை முதலிலும் இடக்கையை அடுத்தும் நீட்டி, அதே வரிசையில் மடக்கி, தோள்கள் மண்ணில் பொருந்தக் கைகளை இடுப்புப் பக்கம் நீட்டுவது. பிறகு வலக்காது, இடக்காது. இதை அவசரத்தில் செய்ய முடியாது. நெற்றியைத் தொட்டுவிட்டு எழுந்து ஓடுபவர்கள் காதுகளை மறந்தே போகிறார்கள். பெண்களுக்குப் பஞ்சாங்கம்: தலை, இரு கை, இரு முழந்தாள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு முறை வணங்கலாம். ஒன்றும் இரண்டும் குற்றம் என்பது சைவர் வழக்கு. வைணவத்தில் தென்கலையார் ஒருமுறை சேவிப்பதையே முறையாகக் கொள்கிறார்கள். அவரவர் கோயில் வழக்கைப் பின்பற்றுங்கள், கலந்துகட்டாதீர்கள்.

மூட்டுவலிக்காரர்கள் வருந்த வேண்டாம். இரு கைகளையும் தலைமேல் குவிப்பது திரியாங்கம், தலையை மட்டும் தாழ்த்துவது ஏகாங்கம். இரண்டும் நூல் ஒப்பிய வணக்கங்களே. தள்ளாத வயதில் தரையில் விழுந்து, எழ முடியாமல் நான்கு பேர் தூக்கிவிடும்படி ஆவதற்கு இது எவ்வளவோ மேல்.

கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது வேறு. கோயிலுக்குள் பிரமுகர்கள் காலில் விழுகிறார்களே, அதைத் தடுக்க ஆளில்லை. தாய் தந்தையே ஆனாலும் அந்த மதிலுக்குள் மனிதரை விழுந்து வணங்குவது முறையன்று; வீட்டுக்கு வந்து வணங்குங்கள்.