சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

(31 வருடம் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அம்மாவுக்குப் பல வருடமாக இன்சுலின் போடுகிறோம். காலையில் 20 யூனிட். போன மாதம் வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறு கடையில் சிரிஞ்ச் வாங்கினேன். அன்றிலிருந்து சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒளித்து வைத்து ஏதோ தின்கிறார் என்று அம்மாவோடு சண்டையே போட்டுவிட்டேன். மருந்து கெட்டுப்போயிருக்குமா?
– தென்காசி வாசகி

முதல் வேலையாக அந்தப் புது சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று பாருங்கள் அம்மா. ஆரஞ்சு என்றால் உங்கள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 0.2 மில்லி. அதாவது வெறும் 8 யூனிட். மருந்து கெடவில்லை, பாதிக்கும் குறைவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட பயங்கரம் தலைகீழாக நடப்பது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பது பொதுவாக 100 யூனிட் மருந்து. பேனா உடைந்துவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 வரை இழுத்துப் போட்டால், உடம்பில் 50 யூனிட் ஏறும். ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

எந்த ஊசியும் எந்தக் குப்பியிலும் சுகமாக இறங்கும், தடுக்க ஒன்றும் இல்லை. ஒரே வஸ்துவை இரண்டு அடர்த்தியில் விற்றுவிட்டு, மூடியின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொள் என்பது என்ன நியாயம்? அந்த மூடியையும் கழற்றி எறிந்துவிட்டுத்தானே ஊசி போடுகிறோம்! பிரிட்டன் 1983-லேயே எல்லாவற்றையும் 100-க்கு மாற்றிவிட்டது.

ஒன்று முக்கியம். சர்க்கரை இறங்கவில்லையே என்று இடையில் அளவைக் கூட்டியிருந்தீர்கள் என்றால், கூட்டிய அளவையே சரியான சிரிஞ்சில் போட்டுவிடாதீர்கள். நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். என் தோழி நைட் ட்யூட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை உடைத்துவிட்டாள். இன்னொரு சிஸ்டர் பார்த்துத் தடுத்ததால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மெமோ கொடுத்து, "இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் செய்தது கவனக்குறைவுதானே சார்?
– திருச்சி வாசகி

மெமோ எழுதியவர் அந்த ட்ரேயைப் போய்ப் பார்த்தாரா?

நான் இப்படிப் பல ட்ரே பார்த்திருக்கிறேன். இரண்டும் 10 மில்லி, இரண்டும் நிறமில்லாத திரவம், எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. நோயாளிகள் தூங்க வேண்டும் என்று பாதி விளக்கை அணைத்திருப்பார்கள். அதில் ஒன்று தண்ணீர். மற்றொன்றைக் கரைக்காமல் நேராக நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இவை இரண்டையும் அக்கம்பக்கத்தில் அடுக்கி வைத்தவருக்கு மெமோ உண்டா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிற்றில் அமர்ந்துவிடும். விமானிகள் இறக்கையின் மடிப்புத் தட்டை உள்ளே இழுப்பதாக நினைத்து, சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர்தான் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சும் ஒரே அச்சு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டினார். விரலுக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்த மாதிரி விபத்து நின்றுபோனது.

உங்கள் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷினைத் தொட்டுப் பாருங்கள் சிஸ்டர். ஆக்சிஜன் திருகு மட்டும் பெரிதாக, வரி வரியாக, முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். அதுவும் இதே யோசனைதான், கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம்.

இனி என் கதை. தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். மருந்தைச் சிறிது சிறிதாக உடம்பில் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் ஒன்றைச் சரிசெய்துவிட்டு, மணிக்கு 5.0 மில்லி என்று அழுத்தி ஓட்டிப் பார்த்தேன். "சார், ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?" என்று பக்கத்தில் நின்ற சிஸ்டர் கேட்டார். திரையில் 50. புள்ளிப் பொத்தான் தேய்ந்து, நான் அழுத்தியது பதியவில்லை. திரையை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், 5.0 என்றுதான் தெரிந்தது! மத்தியான வெளிச்சம், அவசரம் இல்லை, அதுவே என் தொழில், ஆனாலும் அப்படி. நல்லவேளை, குழாயின் முனை பீக்கரில் கிடந்தது, யார் கையிலும் இல்லை. எனக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து 5.0 என்று நான் எழுதுவதில்லை, வெறும் 5. அரையை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுவேன். புள்ளி அழிந்தாலும் முன்னால் நிற்கும் பூஜ்யம் சந்தேகத்தைக் கிளப்பும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? மெட்ரனிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: அடர் பொட்டாசியம் ஆம்ப்யூல் வார்டு ட்ரேயிலேயே இருக்கக் கூடாது. பார்மசியில் பூட்டி வைத்து, கேட்டால் மட்டும் கொடுக்கட்டும், முடிந்தால் அங்கேயே கலந்து அனுப்பட்டும். பல நாடுகளில் இதைத்தான் செய்தார்கள். நடுராத்திரி கை தவறினாலும் எடுப்பதற்கு அது அங்கே இருக்காது. தோழியிடம் எழுதி வாங்கிய காகிதத்தால் இது நடக்காது.

பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் இடத்தில் வேறு வாயுவை மாட்டிவிடாமல் இருக்க நிறம் மட்டும்தான் பாதுகாப்பா?
– கோவை வாசகர்

நிறத்தை நம்பக் கூடாது தம்பி. இங்கே ஆக்சிஜன் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். அமெரிக்காவில் பச்சை. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு நீலம். பெயின்ட் உரிந்த சிலிண்டருக்கு என்ன நிறம்?

உண்மையான காவல் வேறு. மயக்க மருந்து மெஷினில் மாட்டும் சிறிய சிலிண்டரின் வால்வில் இரண்டு துளைகள் இருக்கும், மெஷினின் பிடியில் இரண்டு பின்கள். ஆக்சிஜனுக்கு 2, 5 ஆகிய இடங்கள், நைட்ரஸுக்கு 3, 5. மாற்றி வைத்தால் பொருந்தாது. நான் பார்த்ததிலேயே அழகான பொறியியல் இதுதான், மின்சாரம்கூட வேண்டாம்.

ஆனால் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பொருந்தவில்லையே என்று பின்னைத் தட்டி உள்ளே தள்ளிய ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு வாஷர் போட்டு இறுக்கினாலும் பின்னை ஏமாற்றிவிடலாம். பொருந்தாத இடத்தில் சுத்தியலைத் தேடுகிறவரிடம் வேலை கற்றுக்கொள்ளாதே.

சுவருக்குள் போகும் குழாய்க்கோ அந்த மாதிரிப் பின்கள் கிடையாது, ஒன்றும் கிடையாது. 2016-இல் சிட்னியின் பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில், ஆக்சிஜன் என்று எழுதிய குழாய் வாயிலில் நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. முந்தைய வருடம் குழாய் பதித்தபோது மாற்றி இணைத்திருந்தார்கள். பிறந்த குழந்தை ஒன்று இறந்தது, இன்னொன்றுக்கு மூளை பாதிப்பு. குழாய் வேலை முடிந்தால் ஒவ்வொரு வாயிலிலும் ஆக்சிஜன் அனலைசரை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

ஐ.சி.யூ.வில் மாமியார் இருந்த நாலு நாளும் மானிட்டர் அலறிக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலட்சியமா?
– மதுரை வாசகி

நோயாளி திரும்பிப் படுத்தாலே கத்தும் அலாரத்தை யார்தான் மதிப்பார்கள்? பக்கத்து வீட்டு நாய் மாதிரி அது. அந்தந்த நோயாளிக்குத் தக்கபடி எல்லையை மாற்றி வைத்தால் பாதிச் சத்தம் அடங்கும். மெஷின் வாங்கியபோது வந்த எல்லை அளவுகளையே பல இடங்களில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் மகன் அனுப்பிய மீட்டரில் சர்க்கரை 8.2 என்று காட்டியது. பதறிப்போய் இரண்டு கரண்டி சீனி தின்றுவிட்டேன்.
– காரைக்குடி வாசகர்

அங்கே அலகு வேறு. 18-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 148. சீனிக்கு அவசியமே இருந்திருக்காது. முன்பு மீட்டரிலேயே அலகை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. கைபட்டு மாறி இதே குழப்பம் வந்ததால், இப்போது பல மீட்டர்களில் அலகைப் பூட்டியே விற்கிறார்கள். ஆகவே அதை மாற்ற முயல வேண்டாம். மீட்டரின் முதுகில் "18" என்று ஒரு பிளாஸ்திரி ஒட்டி வையுங்கள். அதற்கான ஸ்ட்ரிப் காரைக்குடியில் கிடைக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.