சேர்த்தா, பிரித்தா? புரூவ் பார்ப்பவரிடம் கேளுங்கள்

கொழும்பு அச்சகங்களில் புரூவ் பார்த்தே கண்ணாடி தடித்தவன் நான். இம்முறை வந்த கேள்விகள் இவை.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஒரு தாய்): மகள் இங்கிலீஷில் 'எவ்ரி டே' என்பதைச் சேர்த்து எழுதினாள், டீச்சர் சிவப்புக் கோடு போட்டுவிட்டா. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை அம்மா. பிரித்தால் 'ஒவ்வொரு நாளும்'. சேர்த்தால் 'அன்றாட', பின்னால் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும். நம் சொல்லாலேயே விளங்கப்படுத்துங்கள். 'ஒரு வேளை சாப்பிட்டான்' என்றால் மற்ற வேளை பட்டினி. 'ஒருவேளை சாப்பிட்டிருப்பான்' என்றால் சந்தேகம். இங்கிலீஷில் 'நிறைய' என்கிற 'எ லொட்' மட்டும் எப்போதும் இரண்டு சொல்.

கேள்வி (புறக்கோட்டை, கடை முதலாளி): 'விதிகளைக் கடைபிடிக்கவும்' என்று நோட்டீஸ் அடிக்கலாமா?

'ப்' போடுங்கள் முதலாளி. கடைப்பிடிப்பது பின்பற்றுவது. 'ப்' விட்டுப்போனால் கடை பிடிப்பது. புறக்கோட்டையில் கடை பிடிக்கிற பாடு உங்களுக்குத் தெரியாததா! ஆனால் பக்கத்தில் 'புகை பிடிக்க வேண்டாம்' என்று போட்டால் அங்கே 'ப்' வேண்டாம். 'புகையை' என்பதன் 'ஐ' அங்கே மறைந்திருக்கிறது. வெளியே தெரிந்தால்தான் ஒற்று: புகையைப் பிடிக்காதே.

கேள்வி (வெள்ளவத்தை, சாப்பாட்டுக் கடை): மெனு பாருங்கள் ஐயா: பால்ச்சோறு, இடியப்ப கொத்து, ஊறுக்காய்.

மூன்றும் பிழை, ஆனால் பசிக்கிறது. பாற்சோறு என்று எழுதுங்கள். ய், ர், ழ் இவற்றுக்குப் பின்தான் இன்னொரு ஒற்று நிற்கும், தமிழ்ச் சங்கம் என்கிறோமே, அப்படி. 'ல்' அதற்கு இடம் கொடாமல் தானே 'ற்' ஆகிவிடும். உங்கள் கடைக்குக் கீழே இருப்பதைக் கடல்க்கரை என்றா சொல்கிறீர்கள்? 'பால்சோறு' என்றால்கூட மன்னிப்பேன், 'ல்ச்' மட்டும் கண்ணில் குத்தும். அடுத்தது இடியப்பக் கொத்து. 'ம்' போன இடத்துக்கு 'க்' வரும், மரம் 'ப்' எடுத்து மரப்பெட்டி ஆவதைப் போல. ஊறுகாயில் 'க்' கிடையாது. ஊறிய, ஊறுகிற, ஊறும் காய் மூன்றும் அதற்குள் அடக்கம், அதுதான் வினைத்தொகை. சுடுதண்ணியை யாராவது சுடுத்தண்ணி என்கிறார்களா?

கேள்வி (தெமட்டகொட, ஏ.எல். மாணவன்): 'கொண்டுபோய் விட்டான்' சேர்க்க வேண்டுமா சேர்?

எதை என்று சொல்லும் தம்பி. 'அம்மாவைக் கோட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான்': நல்ல பிள்ளை, பிரித்து எழுதும். 'என் குடையைக் கொண்டுபோய்விட்டான்': கள்ளன், சேர்த்து எழுதும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): நீங்கள் பிழை விட்டதே இல்லையா?

ஏன் இல்லை. 'கொழும்புத் துறைமுகம்' என்ற தலைப்பு இரண்டு வரியாக உடைந்தது. மேல் வரியில் 'கொழும்புத்துறை', கீழே 'முகம்'. பார்க்காமல் விட்டுவிட்டேன். கொழும்புத்துறை யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஊர். காலையில் அங்கிருந்து ஒருவர் போன் எடுத்தார்: "எங்கட ஊருக்கு எப்பயிருந்து கப்பல் வருது?"