அஞ்சடியில் உறுமி, கையில் பெர்மிட் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். உறுமி, தவில், கீபோர்ட், பாட்டு. தவில் வாசிப்பது என் தம்பி, வயது 14. சனிக்கிழமை மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் அஞ்சடியில் (கடை முன்னால் கூரையுள்ள நடைவழியில்) வாசிக்கிறோம். போன வாரம் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்ற) அமலாக்க அதிகாரிகள் வந்து ஸ்பீக்கரை லாரியில் ஏற்றிவிட்டார்கள். கீபோர்ட் நண்பன் அதைப் பிடித்து இழுக்க, கூட வந்த போலீஸ்காரர் அவன் ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி எழுதிக்கொண்டார். கடைக்காரர் சம்மதம் இருந்தும் ஏன் இப்படி? எடுக்க வேண்டியது போலீஸ் பெர்மிட்டா, டிபிகேஎல் பெர்மிட்டா? ஸ்பீக்கர் திரும்பக் கிடைக்குமா? தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறோம். பெட்டியில் ‘கோயில் நிதிக்கு’ என்று எழுதி வைத்தால் தொல்லை இருக்காதுதானே? (வாசகர், செந்தூல்)

பதில்: ஸ்பீக்கரிலிருந்து தொடங்குவோம். அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அஞ்சடியிலும் நடைபாதையிலும் வழியை அடைக்கும் பொருளை மாநகர் மன்றமே அகற்றலாம் என்கிறது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-வது பிரிவு. எடுத்துப்போன செலவையும் வைத்திருந்த செலவையும் கட்டும்வரை பொருளைத் தராமலிருக்கவும் அதில் இடம் உண்டு. கிடங்கில் அதற்கு ஏதாவது ஆனால் பொறுப்பு உரிமையாளர் தலையில். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சக்கரம் வைத்த 15 அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிதான் இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் பல வாரம் கிடந்தால் அது மறுபடி ஏறாது. மீட்டுவந்த ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், உடைத்துவிட்டார்கள் என்று பொங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

கையில் கொடுத்த நோட்டீசில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நேரில் போவது நல்லது. ஐசி, நோட்டீஸ், ஸ்பீக்கர் வாங்கிய ரசீது ஆகியவற்றைக் கொண்டுபோகவும். ரசீது இல்லையென்றால் ஆன்லைன் ஆர்டர் பக்கத்தின் படமும், சீரியல் எண் தெரியும் பழைய புகைப்படமும் உதவும். சார்ஜரையும் எடுத்துச் செல்லுங்கள். மின்சாரம் கொடுத்து ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்த பிறகுதான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பொருள் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது நோட்டீசிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் ஜாலான் ராஜா லாவுட் தலைமையகத்துக்குப் போய் அரைநாளை வீணாக்க வேண்டாம். நோட்டீசே தராமல் எடுத்துப்போயிருந்தால், தேதி, நேரம், இடம், லாரி எண், அதிகாரியின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அமலாக்கத் துறைக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கொம்பாவுன் (வழக்கில்லாமல் கட்டித் தீர்க்கும் அபராதம்) கட்டினால் அந்தக் குற்றம் அத்தோடு முடிந்தது. கட்டாவிட்டால் நீதிமன்றம். நோட்டீசில் இடமோ நாளோ தப்பாக இருந்தால் கெடு முடிவதற்குள் ராயுவான், அதாவது மேல்முறையீடு, எழுதலாம், குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். கெடு தாண்டிய பிறகு எழுதும் ராயுவானுக்கு அவ்வளவு காது கிடைக்காது.

இனி பெர்மிட். தெருவில் வாசிக்கப் போலீஸ் பெர்மிட் என்று தனியாக ஒன்று கிடையாது. அனுமதி தருவது உள்ளாட்சி மன்றம்: கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்), பட்டர்வொர்த் பக்கம் எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்). கோலாலம்பூரில் இதற்கு அடிப்படை கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1992-ஆம் ஆண்டின் கேளிக்கைச் சட்டம். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பாட்டும் இசையும் நடத்தினால், டிக்கெட் இருந்தாலும் இலவசமானாலும் அது கேளிக்கைதான். ‘நாங்கள் காசு கேட்கவில்லையே’ என்ற வாதம் அங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

கடைக்காரர் சம்மதம் ஏன் போதவில்லை? அஞ்சடி அவர் கடையை ஒட்டியிருந்தாலும் நடப்பவர்களின் வழி. தமக்கில்லாத உரிமையை அவர் உங்களுக்குத் தர முடியாது. மின்சாரம் கொடுப்பதற்கும், எதிர்ப்பு இல்லை என்று கடிதம் கொடுப்பதற்கும்தான் அவர் சம்மதம் பயன்படும். அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

எல்லை விஷயத்தில் நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். டிபிகேஎல் பெர்மிட்டை வைத்துக்கொண்டு பத்துமலையில் வாசிக்க முடியாது. பத்துமலை சிலாங்கூரில், செலாயாங் நகராண்மைக் கழகத்தின்கீழ் வருகிறது. பெட்டாலிங் ஜெயாவுக்கு அதன் சொந்த மன்றமான எம்பிபிஜே. பிரிக்பீல்ட்ஸுக்குள்ளேயே கேஎல் சென்ட்ரலும் நு சென்ட்ரலும் தனியார் நிர்வாகம், எல்ஆர்டி, மோனோரெயில் நிலையங்கள் பிரசரானா நிறுவனத்தின்கீழ். அங்கெல்லாம் உங்களை நிறுத்துபவர் போலீஸ் பந்துவான், அதாவது துணைப் போலீஸ். டிபிகேஎல் தாளைக் காட்டி அவரிடம் வாதாடிப் பயனில்லை. நிர்வாகத்தின் கடிதம்தான் வேண்டும்.

விண்ணப்பத்தை ஒரே கோப்பாகக் கட்டுங்கள்: நால்வரின் ஐசி நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், வாத்தியப் பட்டியல், ஸ்பீக்கரின் வாட் அளவு, இரண்டு மூன்று நிமிட வீடியோ, இடத்தின் வரைபடம். அந்த வரைபடம்தான் உயிர். தூண் எங்கே, சாலை விளிம்பு எங்கே, நீங்கள் நிற்பது எங்கே, நடப்பவர்களுக்கு எத்தனை மீட்டர் மிஞ்சுகிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஒன்றரை மீட்டர் மிஞ்சாத இடத்தைக் கேட்காமலிருப்பதே மேல். பெர்மிட் கிடைத்ததும் அதில் எழுதியுள்ள பெயர், இடம், நேரம் மூன்றையும் படியுங்கள். கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்று வேறொருவரை உட்காரவைத்தாலே அது வேறு குழு என்று சொல்ல அதிகாரிக்கு வாய்ப்பு. மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட நகலைக் கூட்டம் பார்க்கும்படி தொங்கவிடுங்கள்.

பெர்மிட் இருப்பவர்களிடமும் தகராறு வருகிறது. வழியை அடைப்பதும் சத்தமும்தான் காரணம். வாத்தியம் அடைக்கும் இடம் கொஞ்சம். கூட்டம் அடைப்பதுதான் அதிகம். இரண்டு வரிசை ஆட்கள் நின்றாலே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் இன்னொன்றும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், தரையில் பதித்த மஞ்சள் தடக்கற்களைத் தொட்டு நடப்பவர்கள் நாள் முழுக்கப் போய்வருகிறார்கள். கீபோர்ட் ஸ்டாண்டின் காலோ வயரோ அந்தக் கல்மேல் இருந்தால் உங்கள் பக்கம் நியாயமே இல்லை. அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சுவர் உள்வாங்கிய மூலையாகப் பார்த்து நில்லுங்கள். நால்வரில் ஒருவர் வாசிக்காமல் கூட்டத்தை ஒழுங்குபடுத்தட்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை உறுமிக்கும் தவிலுக்கும் மைக்கே தேவையில்லை. கீபோர்டுக்கும் குரலுக்கும் மட்டும் ஸ்பீக்கர் போதும். உறுமியின் கனத்த ஒலி சுவர் தாண்டி மாடிவீடு வரை போகும்; முன்னால் நிற்பவருக்குச் சுகமாக இருப்பது மூன்றாம் மாடியில் ஜன்னலை அதிரவைக்கும். புகார் போவது அங்கிருந்துதான். பத்து மீட்டர் தள்ளி இருவர் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ள முடிந்தால் அளவு சரி. பாங்கு ஒலிக்கும்போது நிறுத்துங்கள். கோலாலம்பூரில் மக்ரிப் (அந்தித் தொழுகை) ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் வரும். 6.45-க்கு ஆரம்பித்து நடுவில் நிறுத்துவதைவிட, தொழுகை முடிந்து எட்டு மணிக்குத் தொடங்குவது சுலபம்.

உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்படவைத்தது ஸ்பீக்கர் போனதல்ல, நண்பர் அதை இழுத்ததுதான். பெர்மிட் இல்லாமல் வாசிப்பது மன்றத்தோடு தீர்த்துக்கொள்ளும் விஷயம். கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுப்பது தண்டனைச் சட்டம் 186-வது பிரிவு: 2 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் அதே சட்டத்தின் 353-வது பிரிவு. கொம்பாவுனோடு போக வேண்டியது ஐந்தே நிமிடத்தில் கோர்ட்டுக்குப் போவது இப்படித்தான். வாய் வார்த்தைக்கும் 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் 14-வது பிரிவு இருக்கிறது. அபராதம் 100 வெள்ளிதான் என்றாலும் வழக்கு வழக்குதான்.

அதிகாரிகள் வந்தால் பாட்டைப் பாதியில் நிறுத்துங்கள், சரணம் முடியட்டும் என்று கண்ணைக் காட்ட வேண்டாம். பேசுவது ஒருவர் மட்டும். பெர்மிட்டையும் ஐசியையும் நீட்டுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றமானாலும், போலீஸ் கண்முன் அதைச் செய்துவிட்டுப் பெயரும் முகவரியும் தர மறுத்தால் கைது செய்யலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு. சாதாரண உடையில் வந்தால் அதிகார அட்டையைக் கேட்கலாம். நீல அட்டை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ், வெள்ளை ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பொருளை எடுத்தால் விட்டுவிட்டுப் பட்டியல் கேளுங்கள். ஸ்பீக்கர், வயர், ஸ்டாண்ட், மைக் எல்லாம் அதில் தனித்தனியாக வர வேண்டும். வீடியோ எடுப்பவர் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று வாயைத் திறக்காமல் எடுக்கட்டும். வசைச்சொற்களைத் தலைப்பாக்கி அன்றிரவே டிக்டாக்கில் ஏற்றினால் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவின்கீழ் இன்னொரு புகார் வரலாம். அந்த வீடியோ வக்கீலுக்கு. சமூக ஊடகத்துக்கு அல்ல.

பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) வா என்றால் ஒரே கேள்வி: “துவான், சாயா கெனா தங்காப் கே?” (ஐயா, என்னைக் கைது செய்கிறீர்களா?) கைது என்றால் காரணம் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ வக்கீலுக்கோ தகவல் சொல்ல உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகே கைது, ரிமாண்ட் கட்டத்திலிருந்தே இலவச வக்கீல் தருகிறது. போலீஸ் நடத்தை பற்றிய குறைக்கு 2023 ஜூலையிலிருந்து செயல்படும் ஐபிசிசி ஆணையம் இருக்கிறது. டிபிகேஎல் ஊழியர் மேலான புகார் அங்கே போகாது, பொதுப் புகார் பிரிவுக்குப் போகும். உங்கள் நண்பரின் ஐசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்றால் அது கைதல்ல. பின்னர் வாக்குமூலத்துக்கு அழைத்தால் வக்கீலோடு பேசிவிட்டுப் போகட்டும்.

தம்பி விஷயம். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 32-வது பிரிவு, தெருவில் பிச்சை அல்லது தானம் பெறச் சிறுவர்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பாடுவது, வாசிப்பது, விற்பது என்ற பாவனை இருந்தாலும் விலக்கில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு 14 வயதுப் பையனைத் தவிலோடு உட்காரவைக்காதீர்கள். கல்யாணத்திலும் கோயிலிலும் வாசிக்கட்டும்.

பெட்டியில் ‘கோயில் நிதிக்கு’ என்று எழுதுவது தொல்லையைக் குறைக்காது, கூட்டும். தர்ம காரியத்துக்கென்று தெருவில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டின் வீடுவீடு, தெரு வசூல் சட்டத்தின்கீழ் போலீஸ் லைசன்ஸ் வேண்டும். உண்மையில் போலீஸிடம் வாங்க வேண்டிய தாள் இது ஒன்றுதான். குழுவின் பெயரையும் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆரையும் மட்டும் ஒட்டுங்கள். சிடி, டி-ஷர்ட் வைத்தால் அது அங்காடி வியாபாரம், அதற்கு வேறு லைசன்ஸ்.

பினாங்கு தைப்பூசத்தில் காவடியோடு உறுமி வாசித்து நடப்பது வேறு வகை. சமய ஊர்வலங்களுக்கு 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தில் போலீஸுக்கு முன்னறிவிப்பு தரும் கடமையிலிருந்து விலக்கு உண்டு. அதற்காகப் போக்குவரத்து, நேரம், தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கி பற்றிய கட்டுப்பாடுகள் நீங்கிவிடுவதில்லை. பந்தலில் வாசிக்க அழைத்தால் பந்தலின் அனுமதித் தாளில் இசைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பொறுப்பாளரிடம் கேட்டுப் படியுங்கள். ஜாலான் கெபுன் பூங்காவில் காவடி இறங்கிய பிறகு, அதே உறுமியோடு அர்மேனியன் ஸ்திரீட்டில் பெட்டி வைத்து உட்கார்ந்தால் அந்த விலக்கு கூடவே வராது. அங்கே எம்பிபிபி அனுமதி வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய அஞ்சடிகள் பிரிக்பீல்ட்ஸைவிடக் குறுகல் என்பதால், வாகனம் தடுத்த தெருவாகப் பார்த்து விண்ணப்பிப்பது புத்தி.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா பாஸில் வந்திருக்கும் நண்பரைக் கூட்டுச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞருக்கு புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் அரசுக் குழு) அனுமதியும் உரிய பாஸும் வேண்டும். அவர் பறையைத் தொட்டு நான்கு தட்டுத் தட்டினாலும், விசாரிக்க வருவது மன்றமல்ல, குடிநுழைவுத் துறை.