கடலோரத்தில் நீண்ட எக்ஸ்போஷர்: கேள்வி பதில்

கேள்வி: சார், லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டியபின் ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைப்பது என்றே பிடிபடவில்லை.

பதில்: ஃபில்டர் மாட்டும் முன்பே வெளிச்சத்தை அளவெடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11-இல் 1/60 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், அதனால் நேரம் இரட்டிப்பு. பத்து ஸ்டாப்புக்கு 1024 மடங்கு. ஆக, சுமார் 17 விநாடி. 1/30 வந்தால் 34 விநாடி; பெரும்பாலான கேமராக்கள் 30-க்கு மேல் போகாது, அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடும் ரிமோட்டும் வேண்டும். ஃபோகஸையும் முதலிலேயே முடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அந்தி நேரத்தில் வெளிச்சம் மளமளவென்று இறங்கும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: 30 விநாடி வைத்தால் கடல் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு நுரைக் கோடுகள்தான் வேண்டும்.

பதில்: அப்படியானால் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி போதும். 10 ஸ்டாப்பைக் கழற்றுங்கள். அந்தியில் 1/15 வந்தால் 3 ஸ்டாப் ஃபில்டரே அரை விநாடியைக் கொடுத்துவிடும். ஆனால் நேரத்தைவிட முக்கியம், எப்போது அழுத்துகிறீர்கள் என்பது. அலை ஏறி வரும்போது எடுத்தால் நுரை வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் விழும். பாறையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் கடலுக்குத் திரும்பும்போது கவனியுங்கள்: நுரை கிழிந்து இழை இழையாகப் பிரியும், ஒவ்வொரு குமிழும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும். அது தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். எந்த இரண்டு அலையும் ஒன்றுபோல் வடியாது. ஒரே கோணத்தில் இருபது, முப்பது படமாவது எடுங்கள்.

கேள்வி: கனமான ட்ரைபாட்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் பாறை கலங்கலாக வருகிறதே?

பதில்: குற்றவாளி ஈர மணல். திரும்பும் ஒவ்வொரு அலையும் காலுக்கு அடியிலிருந்து மணலைப் பறித்துக்கொண்டு போகும், ட்ரைபாட் துளித்துளியாக இறங்கும். கால்களை அகட்டி, இனி இறங்காது என்னும் வரை அழுத்துங்கள். இரண்டு மூன்று அலை வந்து போகட்டும், மறுபடி அழுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். காற்றில் படபடக்கும் கேமரா பட்டையைக் கழற்றிவிடுங்கள், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள்.

பாறைமேல் நிற்பதாக இருந்தால், முதலில் கால் மணி நேரம் அலையைப் பாருங்கள். ஈரமாகக் கிடக்கும் பாறைக்கு அலை கட்டாயம் வரும். அங்கே நிற்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

கேள்வி: ஃபில்டர் வாங்காமல் எஃப்/22 வைத்துச் சமாளிக்கலாமா அண்ணா?

பதில்: எஃப்/11-இலிருந்து எஃப்/22-க்குப் போனால் கிடைப்பது இரண்டே ஸ்டாப். பதிலுக்கு, சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்ஷனால் கூர்மை போகும், சென்சார் தூசி வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு 6 ஸ்டாப் ஃபில்டர் வாங்குங்கள். முதல் ஃபில்டராக எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

கேள்வி: டிஎஸ்எல்ஆரில் ஒரு நிமிடம் வைத்தால் படத்தின் நடுவில் வெளிறிய பட்டை விழுகிறது.

பதில்: வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் கசிகிறது. அதை மூடிவிட்டு எடுங்கள்.

கேள்வி: உப்புச் சாரலை எப்படித் துடைப்பது?

பதில்: காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் உலர்ந்த துணி. ட்ரைபாட்டை அன்றைக்கே பூட்டுகளைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவிடுங்கள்.